தோலாக்

என் முதலாம் ஆண்டு வகுப்பில் கழித்தல் என்ற சொல்லை உச்சரிக்கவே முடியாது. லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளிச் சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதி வைத்த புண்ணியவானால் வந்த வினை. நான் ‘கழி’ என்று வாயைத் திறந்தாலே பிள்ளைகள் மேசைக்கடியில் போய்ச் சிரிக்கிறார்கள். அதனால் மலாய்க்குத் தாவினேன். தோலாக். கணக்கில் அதற்குக் கழி என்று பொருள். கதவில் ஒட்டியிருந்தால் தள்ளு என்று பொருள். இந்த இரண்டாவது பொருள் எனக்குத் தோன்றவேயில்லை.

ஆஃபியாவுக்குத் தோன்றியது. தோட்டத்து முனையில் ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் யாக்கூப்பின் மகள். தாளில் கணக்கைக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிப்பாள். “நடிச்சுக் காட்டும்மா” என்றால், ரப்பர் கொட்டைகளை வரிசையாக வைத்து, தோலாக் செய்ய வேண்டியதை மேசையிலிருந்து தள்ளிவிட்டு மிச்சத்தை எண்ணுவாள். விடை தப்பவே தப்பாது. தரையெல்லாம் கொட்டை உருளும், அதைப் பொறுக்குவது என் தலையெழுத்து.

தலைமையாசிரியர் ஹேமநாதனுக்கு இதெல்லாம் விளையாட்டு. கணக்கில் முக்கியச் சொல்லைத் தேடி வட்டமிட வேண்டும், அவருக்கு அது ஒன்றே வழி. அவர் கொடுத்த தாளில் ஆஃபியா எல்லாச் சொல்லையும் வட்டமிட்டாள். மேலே இருந்த அவர் பெயரையும் விடவில்லை.

“இந்தப் புள்ளைய மீட்பு வகுப்புக்கு அனுப்பிருங்க, மோகனா டீச்சர்.”

அது பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி அறை. அங்கே போன பிள்ளையை மற்றதுகள் மக்கு என்றே கூப்பிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்களே வாயால ஒரு கணக்குக் கேளுங்க சார். தப்பாச் சொன்னா நானே அனுப்பிடுறேன்.”

வாய் முந்திக்கொண்டது. யோசனை பிறகுதான் வந்தது.

ஏர்கோன் போட்ட நூலகத்தில் சோதனை. ஆஃபியாவுக்குத் துணையாக லோகேஸ்வரியும் அமீனும் வந்தார்கள். சார் கண்ணாடிக் கதவோரம் நின்றுகொண்டார்.

“இந்த ரூம்ல எத்தன பேரு?”

“அஞ்சு பேரு சார்.”

“ஒருத்தர தோலாக் பண்ணா மிச்சம் எத்தன?”

ஆஃபியா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். லோகேஸ்வரி உயிர்த்தோழி. அமீன் அழிப்பான் இரவல் தருபவன். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டாள். எனக்கு விஷயம் புரிவதற்குள் கதவை இழுத்துத் திறந்து, சாரின் தொப்பையில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவர் வெளியே போய் நின்றார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

“நாலு லா டீச்சர்.”

தொலைந்தோம் என்று நினைத்தேன். சிரிப்பு வேறு தொண்டைவரை வந்து நின்றது. வெளியே சார் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். மீண்டும் இழுத்தார். கதவு அசையவில்லை. முகம் சிவந்துவிட்டது.

ஆஃபியா கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். வெளிப்பக்கம் ஒட்டியிருந்த சொல்லைச் சுற்றி விரலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

“சார், முக்கியச் சொல்லு இங்க இருக்கு. தோலாக்.”

சார் அந்தச் சொல்லை வாசித்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இப்ப மறுபடி அஞ்சு,” என்றாள் ஆஃபியா.

சார் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

“ஒங்க கிளாஸுக்கே கூட்டிட்டுப் போங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு, கதவைவிட்டு நன்றாகத் தள்ளி நின்றுகொண்டார்.