கொக்கியில் தொங்கிய பென்டிரைவ்

என் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் அது கண் திறந்து கொட்டாவி விடும். கீல் ஒன்று உடைந்துவிட்டதால், மூடிக்குப் பின்னால் தடித்த அகராதி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தேன். சிறுவர்களுக்குப் புதிர் எழுதுவது என் பிழைப்பு. என் முதல் புதிர்ப் புத்தகம் முழுவதும் அந்தக் கிழத்தின் வயிற்றுக்குள்தான் இருந்தது. கடைசிப் புதிர் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு பக்கத்தைச் சேமிக்க அது பண்ணிய பாட்டில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "புத்தகமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று நான் கத்தியது கணவர் காதில் விழுந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பழுதான எதையும் சும்மா விட மாட்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஓடுற சிஸ்டத்தைத்தான் அதால தாங்க முடியல. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா பறக்கும். மச்சான் ரெடி பண்ணித் தருவான்" என்றார்.

மச்சான் என்றால் என் தம்பி. பக்கத்துத் தெருவில் இருக்கிறான், பிரிண்டிங் கடையில் வேலை. அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பென்டிரைவ். சிவப்பு நூல் கட்டி, எங்கள் வாசல் பக்கத்துச் சாவிக் கொக்கியில் தொங்கும். அதில் அவனும் கணவரும் பாட்டும் படமுமாகக் குப்பை சேர்த்ததில் பொறுமை போய், ஒரு நாள் நான் சட்டம் போட்டேன். கொக்கியிலிருந்து எடுப்பவர் முதலில் அதில் உள்ளதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். யாரையும் கேட்க வேண்டாம். நான் சொன்னதில் இருவரும் மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் அறுவை சிகிச்சை ஆரம்பமானது. தம்பி பென்டிரைவைச் செருகினான். திரையில் பளிச்சென்று லினக்ஸ் வந்து நின்றது. தமிழிலேயே பேசியது.

"இன்னும் உள்ள ஏத்தலக்கா. இப்ப பென்டிரைவ்லருந்தே ஓடுது. புடிச்சிருந்தா ஏத்திக்கலாம்."

தட்டினால் திறந்தது, மூடினால் மூடியது. எனக்கு வாயெல்லாம் பல்.

உள்ளே ஏற்றுவதற்காகத் திரை கேட்ட கேள்விகளுக்கு இருவரும் மாறி மாறிப் பதில் கொடுத்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். கணவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உன் மெஷின். நீயே அழுத்து."

நான் சோப்பு உறையைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவேன். விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு படித்தேன்.

"அதெல்லாம் யாருமே படிக்க மாட்டாங்கக்கா, அழுத்து" என்றான் தம்பி.

'இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்' என்று இருந்தது. வட்டு என்றால் அந்தக் கிழத்தின் வயிறு.

"என்னங்க, என் புதிரையெல்லாம் எடுத்து வச்சிட்டீங்கதானே?"

"வெள்ளிக்கிழமையே வச்சிட்டேன். ஒண்ணு விடல."

"எதுல?"

"பென்டிரைவ்லதான். கொக்கில மாட்டியிருந்தேனே."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, அதத்தான் நேத்து எடுத்துட்டுப் போனேன். அக்கா சொன்ன மாதிரி சுத்தமா துடைச்சிட்டுத்தான் லினக்ஸ் ஏத்துனேன்."

விரலை எடுத்து மடியில் வைத்து, மற்ற கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன். இருவரையும் ஒரு பிடி பிடிக்க வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? இரண்டு பேரும் என் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து அவர்கள் இன்னும் பயந்தார்கள்.

"இன்னும் அழியலல்ல? எல்லாம் இதுக்குள்ளதான இருக்கு" என்று கணவர்தான் முதலில் சுதாரித்தார்.

தம்பி அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, லேப்டாப்பின் வட்டைத் திறந்தான். புத்தகம் அப்படியே இருந்தது. அதை என் போனில் ஏற்றினோம். நம்பிக்கை வராமல் கணவர் போனிலும், தம்பி போனிலும் ஏற்றினோம். என் போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துவிட்டு, பிறகுதான் பட்டனை அழுத்தினேன்.

வேலை முடிந்து லேப்டாப் மறுபடி எழுந்தபோது எனக்குத் துணி துவைக்க நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு சுருக்காக வந்துவிட்டது. உடனே உட்கார்ந்து கடைசிப் புதிரை எழுதினேன். ஒரு கொக்கி, அதில் ஒரு பென்டிரைவ், சுற்றி மூன்று பேர். 'தப்பு யார் மேல்? கண்டுபிடி.'

திங்கட்கிழமை புத்தகம் போய்ச் சேர்ந்தது. விடைப் பக்கத்தில் என் முகத்தைத்தான் வரைந்திருந்தேன்.