நாற்பத்தைந்து டிகிரி

என்னோடு வேலை செய்யும் ஹென்றிக்கே எஃகில் துளை போட்டால் வட்டம், நான் போட்டால் முட்டை. ஜெர்மனியின் யேனா நகரில் எங்கள் லேசர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக இதே பேச்சு.

"என்ன டோர்பன், ஈஸ்டர் இன்னும் வரலையே, அதுக்குள்ள முட்டை போட்டுட்ட?" என்பான் பக்கத்து மேசை ஃபால்கோ. என் பழைய லேசரின் கற்றையே கோணல் என்று யாரிடம் சொல்வது?

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. போட்டியில் நாங்கள் இருவர். டீசல் எஞ்சின்களுக்கு எரிபொருள் தெளிப்பான் செய்யும் கம்பெனிக்காரர்கள் முன்னால் துளைத்துக் காட்டப் பேராசிரியர் ராடமாக்கர் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். அது நன்றாக நடந்தால் வேலை அவளுக்கு.

அன்று காலை அவள் தன் லேசரின் கண்ணாடிகளைத் துடைத்தபோது முழங்கை பட்டு, படிகத் தகட்டின் வளையம் நாற்பத்தைந்து டிகிரியிலிருந்து நழுவியது. அவள் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன். ஒரே திசையில் அதிரும் ஒளியைச் சுழல வைப்பது அந்தத் தகடுதான். சுழலாவிட்டால் துளையின் மேல்வாய் வட்டமாகவே இருக்கும், அடிவாய் நீண்டுவிடும்.

"டோர்பன், எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாரேன்."

"கச்சிதமா இருக்கு."

வந்தவர்கள் மேல்வாயைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு எஃகுத் துண்டைத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லோரும் நுண்ணோக்கியைச் சுற்றி நின்று முகம் சுளித்த நேரத்தில், நான் வளையத்தை நாற்பத்தைந்துக்கே திருப்பி வைத்தேன்.

ஹென்றிக்கே முதலில் ஓடிவந்து பார்த்தது அந்தத் தகட்டைத்தான். "சரியாத்தானே இருக்கு! காலையில நீயும் பார்த்தியே?"

"பார்த்தேனே."

"நீ பார்த்துட்டா சரிதான். அப்ப லேசர்லதான் கோளாறு."

மூன்று வாரம் லேசரைப் பிரித்துப் பிரித்துத் தேடினாள். எத்தனை முறை துளைத்தாலும் வட்டமாகவே வந்தது. நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். அதற்குள் வேலை எனக்கு என்று முடிவாகிவிட்டது.

எங்கள் கூடத்தில் தப்புச் செய்தவர்தான் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். ஹென்றிக்கே பிளம்ஸ் கேக் சுட்டு வந்தாள். பெரிய துண்டாக வெட்டி முதலில் என் தட்டில் வைத்தாள்.

"மூணு வாரமா நீ ஒருத்தன்தான் என்கூட நின்ன," என்றாள்.

ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.