இன்னொரு தடவை

மாரிசெல்விக்குக் குறுக்கு விட்டுப்போனது. ரெண்டு தறிக்கு நடுவே ஓராள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். அதற்குள் காலையிலிருந்து குத்தவைத்து, கல்லூரிக் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் இடுப்பில் கம்பியைச் செருகித் திருகுவதுபோல் வலித்தது.

இருந்தும் நகர முடியாது. கடைசி வருஷத் தேர்வுக்குப் புகைப்படங்களாலேயே ஒரு கதை சொல்ல வேண்டும். அம்மா ராஜேஸ்வரி வேலை பார்க்கிற சங்கரன்கோவில் விசைத்தறிப் பட்டறையை எடுத்துக்கொண்டாள். இதுவரை எடுத்ததைப் பார்த்துவிட்டு பாடம் நடத்துகிற நிர்மலாதேவி மேடம் ஒரே வரி அனுப்பியிருந்தார்: 'முகம் இருக்கு, தறி இருக்கு. வேலை எங்க?' நாளைக் காலையில் ஒப்படைக்க வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறதென்று மாரிசெல்விக்குத் தெரியும். இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டுமென்று சுவரில் போர்டு தொங்குகிறது. யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தி ஓட்டினால் சேலையில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். அதனால், குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு இரும்பு முனை வைத்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டிருக்கும்போதே, இடையில் விரலை விட்டு அறுந்த இழையைப் பிடித்துவிடுவார்கள்.

பக்கத்துத் தறி ஜெயசித்ரா அப்படிக் கை விட்டபோது மாரிசெல்வி அழுத்தினாள். திரையில் பார்த்தால் கை இருந்த இடத்தில் வெறும் புகை. அசையாமல் நின்றவர்களை எடுக்கக் குறைத்து வைத்த ஷட்டர் வேகத்தை மாற்ற மறந்திருந்தாள். வேகத்தைக் கூட்டினாள்.

"யக்கா, கை கலங்கிப் போச்சு. இன்னொரு தடவை வைங்களேன்."

தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"இழை அறலையேட்டி!"

"சும்மா அந்த மாதிரி வைங்கக்கா."

"நல்லாருக்குடி! எங்கல்யாணத்துலகூட ஒருத்தனும் என்னைய ரெண்டு தடவ எடுக்கல." ஜெயசித்ரா முந்தானையைச் செருகிக்கொண்டாள். "சட்டுனு எடு. அண்ணாச்சி வந்தா ஏசுவாரு."

இழை அறுந்தால் அவள் கண் நாடாவைவிட்டு விலகாது. எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டுமென்று கைக்கே தெரியும். இப்போது அவள் கண் கேமராவில் இருந்தது.

"மக்கா, கை தெரியுதா?"

நாடா வந்தது.

ராஜேஸ்வரி பாய்ந்து வந்து தறியை நிறுத்தினாள். ஜெயசித்ராவின் ஆள்காட்டி விரல் நகத்தோடு பிளந்திருந்தது. நெய்த சேலையில் ரத்தம் ஊறிப் பரவியது.

முதலாளி இசக்கிப்பாண்டி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். விரலைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"படத்துக்குத்தான் கைய வச்சியாட்டி?"

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். அம்மா அவள் முழங்கையை நகம் பதிய அழுத்தினாள். ஆமென்றால் ராஜேஸ்வரி தறியும் சேர்ந்து போகும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"இல்ல அண்ணாச்சி, இழை அந்துச்சு" என்றாள் ஜெயசித்ரா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்போ போர்டு எதுக்குட்டி மாட்டியிருக்கேன்? அழகுக்கா? உன் தப்பு, உன் செலவு. தறிய வேற ஆளுக்குக் கொடுக்கேன்."

அவர் போகிறவரை மாரிசெல்வி வாயை மூடியே நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில், துண்டில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயசித்ரா கேட்டாள்: "படம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

"காட்டு."

நாடா தொடுவதற்கு முந்தின நொடி. விரல் ரேகைகூடத் தெரிந்தது. ஜெயசித்ரா கொஞ்சநேரம் பார்த்தாள். "கை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

அன்று ராத்திரி அனுப்பிய படத்தைப் பார்த்து மேடம் எழுதினார்: 'இதுதான் வேலை.'

மறுநாள் கல்லூரிக்குப் புறப்பட்டவள் பட்டறை வாசலில் நின்றாள். ஜெயசித்ராவின் தறியில் யாரோ புதுப்பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை மாரிசெல்வி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னட்டி, இன்னும் படம் இருக்கோ?" என்றார் இசக்கிப்பாண்டி.

உள்ளே அம்மா தறியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இல்ல அண்ணாச்சி. சும்மாதான் வந்தேன்."

பஸ் ஏறினாள். 'நான்தான் கையை வைக்கச் சொன்னேன்' என்று இசக்கிப்பாண்டியிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை, ஜெயசித்ராவுக்குத் தீர்க்காத கடனாக மாரிசெல்வியிடமே பாக்கி நின்றது.