புதுப் பாக்கெட்டுக்கு எத்தனை மதிப்பெண்

சந்தை ஆய்வு நிறுவனத்தின் முதலாளிக்கு அலுவலகத்தார் வைத்திருந்த பெயர் 'சதவீதம்'. 'நல்லாத் தூங்கினீங்களா சார்?' என்று கேட்டால் 'எழுபது சதவீதம்' என்பார். மீதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் உடனே பலகைக்குப் போய் ஒரு வட்டம் வரைந்து அதைக் கேக் மாதிரி வெட்ட ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான்.

விதை, உரம், பூச்சிமருந்து, காய்கறி வியாபாரம் என்று எதைப் பற்றி யார் ஆய்வு கேட்டாலும் செய்து கொடுப்பார். ஆனால் வயலில் கால் வைத்தது கிடையாது. வயலைப் பார்த்துவிட்டால் பார்வை ஒருதலைப்பட்சமாகிவிடும் என்பது அவர் கொள்கை. அதனால் விவசாயிகளை வேனில் ஏற்றி அலுவலகத்துக்கு வரவழைத்துவிடுவார்.

அப்படி வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசவைப்பதற்கென்றே ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதன் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. விவசாயிகள் பார்த்தால் அவரவர் முகம் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இன்னோர் அறை, அது இருட்டாக இருக்கும். அங்கே ஆய்வுக்குக் காசு கொடுத்த கம்பெனிக்காரர்கள் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்கட் கடித்தபடி, விவசாயிகளை மீன்தொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பேச்சைக் கேட்க ஒரு ஒலிபெருக்கியும் உண்டு. போன மாதம் மின்சாரம் போய் ஒரு கம்பெனிக்காரருக்கு வியர்த்துவிட்டது. சதவீதம் பதறிப்போய், பெரிய பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். மின்சாரம் போனால் பின்னறையில் விளக்கும் விசிறியும் தாமாகவே எரிந்து ஓடும். முன்னறைக்கு அந்த இணைப்பு கிடையாது. விவசாயிகளுக்கு வியர்ப்பது இயல்புதானே என்றார்.

முன்னறையில் பேச்சை நடத்துகிறவள் ஒரு பெண். அட்டையில் 'கலந்துரையாடல் நெறியாளர்' என்று அச்சிட்டிருந்தது. அவளுடைய அம்மா அதைச் சுருக்கி, 'என் பொண்ணு கூட்டம் நடத்துறா' என்று அக்கம்பக்கத்தில் சொல்லப்போக, அவள் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று இரண்டு வீட்டில் பேச்சு.

அன்று தக்காளி விதை. விதைக் கம்பெனி ஒன்று புதுப் பச்சைப் பாக்கெட்டில் புது ரகத்தை இறக்கப்போகிறது. அதற்கு விவசாயிகள் என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று பார்க்க வேண்டும். அதே கம்பெனி போன பருவத்தில் மஞ்சள் பாக்கெட்டில் விற்ற விதையை நம்பியவர்கள் பாவம். செடி வளர்ந்தது, பூத்துக் குலுங்கியது, காய் மட்டும் பிடிக்கவில்லை. அவளுடைய அண்ணனும் அதில் மாட்டியவன். குத்தகை நிலத்தில் ஒரு பருவம் முழுக்கப் பூவை மட்டும் பார்த்துவிட்டு நின்றான். அதனால்தான், கம்பெனியின் விற்பனை மேலாளர் போன வாரம் மரியாதைக்கு ஒரு பெட்டி பச்சைப் பாக்கெட்டை அவளிடம் நீட்டியபோது, அவள் அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள்.

விவசாயிகள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா, இன்னிக்கு நாத்துக்குக் குழித்தட்டுல விதை போடுறோம். உங்க அண்ணியும் நானும்தான். நம்பிப் போடலாம்ல?"

"போடுண்ணா. புது ரகம். எங்க ஆபீஸ்லயே எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க."

"இல்ல, இந்தத் தடவையும் கை விட்டுச்சுன்னா நிலத்தத் திருப்பிக் குடுத்துட்டு எங்கயாச்சும் காவல் வேலைக்குத்தான் போகணும். அதான் ஒரு வார்த்தை கேட்டேன்."

"நான்தானே குடுத்தேன். என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்மேலதான் நம்பிக்கை. விதைமேல யாருக்கு இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

பேச்சு தொடங்கியது. பச்சைப் பாக்கெட் கைக்குக் கை மாறியது. அதன்மேல் ஒரு விவசாயியின் படம். கையில் தக்காளி, வாயில் பளீரென்று பல்வரிசை.

உரக் கம்பெனி கொடுத்த தொப்பியைப் போட்டிருந்த ஒருவர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "என்னம்மா இது, இவன் பல்லு இவ்ளோ வெள்ளையா இருக்கு? இவன் விவசாயியா, இல்ல பல்பொடி விக்கிறவனா?"

அறை சிரித்தது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா விடவில்லை. "சட்டையில ஒரு பொட்டுச் சேறு இல்ல பாருங்க. இவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

"சரிங்க, பாக்கெட்டப் பாத்ததும் மனசுல என்ன தோணுது?" என்று நெறியாளர் கேட்டாள்.

"மஞ்சள் இல்லாம இருக்கே, அதுவே பெரிய நிம்மதி" என்றார் தொப்பிக்காரர். "அந்த மஞ்சள் பாக்கெட்ட நினைச்சா இன்னும் வயிறு எரியுது. இது புதுசுங்கறீங்க. போட்டுப் பாக்கலாம்னு தோணுது."

"நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"எட்டு போடலாம்."

அந்த அம்மாவும் எட்டு என்றாள். மற்றவர்களும் ஏழுக்குக் குறையவில்லை. போகும்போது ஆளுக்கு இரண்டு பச்சைப் பாக்கெட் இலவசம் என்று அவள் அறிவித்ததும் ஒன்பது, பத்து என்று ஏற ஆரம்பித்தது. பின்னறையில் சதவீதம் ஆனந்தக் கூத்தாடிக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போது மின்சாரம் போயிற்று.

விசிறி நின்றது. அறை கும்மிருட்டு. 'பிள்ளையப் பெத்த மாதிரி வேர்க்குதே' என்று யாரோ முனகியது அப்படியே பாதியில் நின்றது. சுவரில் இருந்த கண்ணாடி திடீரென்று கண்ணாடியாக இல்லை. அது ஒரு சினிமாத் திரையாகியிருந்தது. பின்னறையில் பேட்டரி விளக்குகள் எரிய, உள்ளே எல்லாம் பட்டப்பகலாகத் தெரிந்தது.

மேசைமேல் ஒரு கோணிப்பை. அதிலிருந்து மஞ்சள் பாக்கெட்டுகள் சரிந்து கிடந்தன. கழுத்தில் டை கட்டிய விற்பனை மேலாளர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மஞ்சள் பாக்கெட்டின் தலையையும் நறுக்கினார். நறுக்கியதை நீட்டினார். எதிரில் சதவீதம், தம்முடைய ஆய்வறிக்கையின் முன்னுரைப் பக்கத்தைப் புனல்போலச் சுருட்டிப் பச்சைப் பாக்கெட்டின் வாயில் செருகிப் பிடித்துக்கொண்டிருந்தார். மருந்து பூசிய இளஞ்சிவப்பு விதை சரசரவென்று மஞ்சளிலிருந்து பச்சைக்கு இறங்கியது. மேலாளர் சூடு வைத்து ஒட்டினார். அடுத்தது. இலவசப் பாக்கெட் தயாராகிக்கொண்டிருந்தது.

  நெறியாளருக்கு முதலில் எதுவுமே புரியவில்லை. கண் பார்த்ததை மூளை வாங்க மறுத்தது. ஏதோ விளம்பரப் படம் எடுக்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். 

"அது மஞ்சள் பாக்கெட்தானே?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். கோவில் கருவறையில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாக.

ஒலிபெருக்கியும் நின்றுபோயிருந்தது; உள்ளே வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு இப்போது கண்ணாடியில் தங்கள் முகம்தான் தெரிந்தது. சதவீதம் அதில் தம்மைப் பார்த்தார். நெற்றியில் விழுந்த முடியைக் கோதிவிட்டுக்கொண்டார். இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, திருப்தியானார். பிறகு மறுபடியும் புனலைப் பிடித்தார்.

தொப்பிக்காரர் எழுந்து இருட்டில் தடவிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

உள்ளே கத்தரிக்கோல் விழுந்தது. புனல் விழுந்தது. விதை தரையெங்கும் ஓடியது. இருவரும் கண்ணாடியில் தங்களையே பேய் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகுதான் சதவீதத்துக்கு விளங்கியது. அவர் முகம் வெளுத்ததை இந்தப் பக்கம் எல்லாரும் நிதானமாகப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. கைப்பேசி வெளிச்சத்தோடு இருவரும் வந்தார்கள். மேலாளரின் விரல் நுனியெல்லாம் இளஞ்சிவப்பு.

"யாரும் தப்பா எடுத்துக்க வேணாம்" என்று சதவீதம் தொடங்கினார். "இது ஆய்வு முறையியலின் ஓர் அங்கம்…"

"முறையாவது இயலாவது! எங்களுக்குப் போலிச் சாம்பிளக் காட்டி ஏமாத்தப் பாத்தீங்களா?" என்றார் தொப்பிக்காரர். "இதுல பழச அடைச்சுக் குடுத்துட்டு, கடையில வேற விப்பீங்க. அப்படித்தானே?"

மேலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏமாற்றுக்காரன் என்ற சொல் அவரை எங்கோ குத்திவிட்டது. "போலியா? வார்த்தைய அளந்து பேசுங்க. எங்க கம்பெனி சாம்பிள் ஒண்ணு, கடைச் சரக்கு ஒண்ணுன்னு குடுக்குற கம்பெனி இல்ல. இதுல என்ன இருக்கோ அதேதான் கடைக்கும் வரும். கிடங்கு முழுக்க அதான் இருக்கு. வேணா வந்து பாருங்க!"

சொல்லி முடித்து நெஞ்சை நிமிர்த்தினார்.  சதவீதம் கண்ணை மூடிக்கொண்டார். தாம் என்ன சொன்னோம் என்பது மேலாளருக்கே இப்போதுதான் காதில் விழுந்தது. அவருடைய நெஞ்சு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு இறங்கியது.

நெறியாளர் வாய் திறந்தாள்.  "போன வாரம் எனக்குக் குடுத்தீங்களே, ஒரு பெட்டி?"

"அதுவும்… அதேதான் மேடம்."

அவள் கைப்பேசியை எடுத்தாள். சதவீதம் குறுக்கே வந்தார். "இங்க நடக்குறது எதுவும் வெளிய போகக்கூடாது. நீ கையெழுத்துப் போட்டிருக்க. வேலை போயிடும், ஞாபகம் இருக்கட்டும்."

"எத்தனை சதவீதம் போகும் சார்?" என்றாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை. அதிர்ச்சியில் வாய்க்கு வந்தது அதுதான்.

அண்ணனைக் கூப்பிட்டாள்; இருட்டில் விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டு, அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சொல்லு பாப்பா. எல்லாத் தட்டும் போட்டு, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, மூடியாச்சு."

"அண்ணா, கொட்டிடு."

"எதை?"

"தட்டு எல்லாத்தையும். அது புது விதை இல்லண்ணா. மஞ்சள் பாக்கெட்ட நறுக்கிப் பச்சையில போடுறாங்க. என் கண்ணு முன்னாடி போட்டாங்க."

"விளையாடாத."

"சத்தியமா."

தொப்பிக்காரர் கைப்பேசிப் பக்கம் குனிந்தார். "நாங்க எல்லாருமே பாத்தோங்க."

"நீங்க யாரு?"

"நானும் மஞ்சள் பாக்கெட்ட நம்பிப் பூ மட்டும் பாத்தவன்தான். வேற விதை வாங்குங்க. இன்னும் நாள் இருக்கு, பருவம் போயிடல."

  அண்ணன், மிகவும் தாழ்ந்த குரலில், "அப்ப அந்தத் தண்ணி?" என்றான்.

"என்ன தண்ணி?"

"போன தடவை கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் வயலுக்கு வந்து பாத்தாரு. விதையில குத்தம் இல்ல, பூ எடுக்குற நேரத்துல தண்ணிய மாத்தி விட்டிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. தண்ணி விட்டது உங்க அண்ணி. நான் அன்னிலேர்ந்து அவள…"

 தங்கைக்கு இது புதுச் செய்தி. அண்ணி ஒரு வருடமாக எந்த விசேஷத்துக்கும் வராமல் இருந்ததற்கு உடம்பு சரியில்லாததுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி கை மாறும் சத்தம். அண்ணியின் குரல் வந்தது. "எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன். அந்த ஆளு அங்க இருக்காரா?"

"எந்த ஆளு அண்ணி?"

"டை கட்டிட்டு வந்து, வரப்புல வழுக்கிப் பொத்துனு உக்காந்து, சேத்தோட எந்திரிச்சு நின்னு எனக்கு விவசாயம் சொல்லிக் குடுத்தாரே."

எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர் கை தானாகக் கால்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டது.

"இருக்காரு அண்ணி."

"அவர்கிட்ட குடு."

"பேசாதீங்க, வக்கீலக் கேக்காம ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றார் சதவீதம். ஆனால் அந்த அம்மா எழுந்து வழியை மறித்து நின்றிருந்தாள். மேலாளர் இளஞ்சிவப்பு விரல்களால் கைப்பேசியை வாங்கினார்.

"சொல்லுங்கம்மா."

"நான் தண்ணி சரியா விட்டேனா, தப்பா விட்டேனா?"

"அது வந்து… விளைச்சலுக்குப் பல காரணிகள்…"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "சரியாத்தாம்மா விட்டீங்க."

"எனக்குக் கேட்டுச்சு. இவருக்குக் கேக்கணும். சத்தமா."

"சரியாத்தான் விட்டாங்க! அவங்க மேல தப்பே இல்ல!" என்று அவர் கத்தினார். ஜன்னல் இல்லாத அறையில் அந்தக் குரல் இரண்டு தடவை கேட்டது.

 அந்தப் பக்கம் தடதடவென்று ஏதோ சரியும் ஓசை. பிறகு குழித்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டும் சத்தம். ஒரு மனிதன் வாய்விட்டு அழாமல் இருப்பதற்காகச் செய்யும் வேலைபோல அது வேகம் கூடிக்கொண்டே போயிற்று.

கைப்பேசியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணி சொன்னது அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"பாத்துத் தட்டுங்க. உடைஞ்சிடப்போகுது. தட்டு என்ன பண்ணுச்சு?"