காது வெட்டாத ஆறு ஆடுகள்

ஆறு ஆடுகளும் பட்டியில் நின்றன. ஒன்றின் கழுத்திலும் கயிறில்லை.

"காக்கா, கயிறுகள் எங்க?"

"ஒண்டின்ட கழுத்துக் கயித்த மத்தது திண்டிட்டு, தங்கச்சி. காலையிலதான் கண்டனான்," என்றார் அபூதாஹிர். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். பட்டியும் ஆடுகளும் அவருடையவை, இடம் கிண்ணியா.

இறக்கக்கண்டியில் வலை இழுப்பவர்களைக் கடற்பாம்பு கடிக்கிறது. அதற்கு மருந்து தேடுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. நஞ்சைச் செய்யும் மரபணுத் துண்டை ஆட்டின் தொடையில் ஏற்றினால், ஆட்டின் உடம்பே நஞ்சின் ஒரு கூறை உண்டாக்கி, அதை முறிக்கும் எதிர்ப்பொருளையும் இரத்தத்தில் சேர்த்துவைக்கும். பாம்பைப் பிடித்து நஞ்சு கறக்கத் தேவையில்லை. மூன்று ஆடுகளுக்கு அந்த ஊசி, மூன்றுக்கு வெறும் ஊசி. பதினொரு மாத வேலை. இன்று கடைசி இரத்தம் எடுக்க வேண்டும்.

மரபணு ஊசிக்கு இடக் காதையும் வெறும் ஊசிக்கு வலக் காதையும் வெட்டி அடையாளம் வைக்க வேண்டும் என்பது விதி. முதல் நாளே காக்கா கெஞ்சினார். காது வெட்டிய ஆடு ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் பலி கொடுக்க ஆகாது, ஆராய்ச்சி முடிந்தால் ஆடுகள் திரும்பத் தனக்குத்தானே, கயிறு கட்டுவோம் என்றார். எனக்கும் அது தெரியாததா? மரபணு ஊசிக்குச் சிவப்பும் வெறும் ஊசிக்கு நீலமுமாகக் கட்டினோம்; எந்த ஆட்டுக்கு எதுவென்று வேறெங்கும் குறித்துவைக்கவில்லை. படிவத்தில் 'காது வெட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான், பஹ்மியா. பெரிய கெட்டிக்காரி!

கூட வேலை செய்யும் கௌசிகா குரலைத் தாழ்த்தினாள். "இரத்தத்த எடுப்பம். எதிர்ப்பொருள் இருக்கிறதுதான் ஊசி போட்ட ஆடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஊசி வேலை செய்ததோ எண்டு பாக்கத்தானே வந்தனாங்கள்? வேலை செய்ததப் பாத்திட்டு, இதுக்குத்தான் ஊசி போட்டது எண்டு எழுதினா அது என்ன ஆராய்ச்சி?"

கத்திவிட்டேன். அதே யோசனை எனக்கு அவளுக்கு முன்பே வந்திருந்தது. கோபம் அதில்தான்.

கைபேசி அடித்தது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் சோமசேகரம். ஊசிப் போத்தல்கள் கையில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"பஹ்மியா, காது அடையாளமெல்லாம் சரிதானே? அடுத்த மாசம் ஆய்வு நெறிக் குழு வந்து ஆடுகளைப் பாக்கும்."

"ஒரு நிமிசம் சேர்."

காக்காவுக்கு விளங்கிவிட்டது. கத்தியை எடுத்துவந்து, பெருநாளுக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்த வெள்ளைக் கிடாயின் காதைப் பிடித்தார்.

"எந்தக் காதெண்டு சொல்லுங்க. இப்பவே வெட்டிர்றன்," என்றார் மெதுவாக. "அடுத்த மாசத்துக்குள்ள ஆறிரும். எனக்காகத்தானே மாட்டுப்பட்டிங்க."

நான் இடம் என்றாலும் வெட்டுவார், வலம் என்றாலும் வெட்டுவார். பிறகு அந்தப் பொய்யை நம்பி யாரோ ஒரு மீனவனுக்கு ஊசி ஏற்றுவார்கள்.

"வெட்டாதீங்க காக்கா." கைபேசியை வாயருகே கொண்டுபோனேன். "சேர், ஒண்டின்ட காதும் வெட்டேல்ல. வெட்டினதெண்டு பொய்யா எழுதினது நான்தான். எந்த ஆட்டுக்கு எந்த ஊசியெண்டு இப்ப தெரியாது."

"பதினொரு மாசம், பஹ்மியா."

"ஓம் சேர்."

"இரத்தம் எடுக்க வேண்டாம். திரும்பி வாங்கோ."

காக்கா இன்னும் கிடாயின் காதை விடவில்லை.

"காது முழுசா இருக்கு," என்றார். "ஆனா எந்த முகத்தோட நான் இதக் குர்பான் குடுக்கிறது, தங்கச்சி?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.