கதவைச் சாத்திய அண்ணன்

அண்ணன் டிக்கெட்டைத் தன் காசிலேயே வாங்கினார். பாடுகிறவள் கூடப்பிறந்த தங்கை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் வரிசையில் மெத்தை நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் சொன்னால் வர விடமாட்டாள். இத்தனை வருஷமாக அவள் சொல்கிற பதில் ஒன்றுதான். "வேண்டாம்ண்ணா. கூட்டம் உனக்கு ஒத்துக்காது. ரெக்கார்டு அனுப்புறேன், வீட்ல உக்காந்து நிம்மதியாக் கேளு."

அவரும் அப்படித்தான் கேட்டார். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு நாற்காலியில் சாயாது, சட்டையின் மேல் பொத்தான் அவிழாது. அப்பேர்ப்பட்ட மனிதர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அறைக்குள் போய்ப் போனில் தங்கையின் ராக் பாட்டை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பார். மனைவி எட்டிப் பார்த்து, "தீர்ப்பு இன்னைக்கா, ஒத்தி வச்சாச்சா?" என்று கேட்பாள். அவர் திரும்பமாட்டார். கிதார் அலறினாலும் டிரம்ஸ் அதிர்ந்தாலும் முகம் அசையாது. பாட்டின் கடைசியில் அவள் சரளைக்கல்லை அள்ளி இறைத்த மாதிரி ஓர் இழுப்பு இழுப்பாள். அப்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அவள் பாட வந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்று ரசிகர்கள் விழா எடுக்கிறார்கள் என்பதே பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரொட்டியைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. எழுபத்து நாலு வயதில் இனி எதை ஒத்திவைப்பது? சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பகல் காட்சிதான். ஆனாலும் அரங்கம் வழிந்தது. நரைத்த தாடிக்காரர்களும், மூட்டுவலிக்காரப் பெண்களும், அவர்கள் இழுத்துக்கொண்டு வந்த பேரப்பிள்ளைகளும் ஒரே மாதிரிக் கறுப்புப் பனியன் போட்டிருந்தார்கள். பனியனில் சாத்திய கதவு ஒன்றின் படம். ஏதோ இசைத்தட்டின் அட்டை போலிருக்கிறது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரி உடுப்பு மேலேயே பனியனை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

முதலில் ரசிகர்கள் பேசினார்கள். ரசிகர் மன்றத் தலைவர் ஒரு டயர்க்கடைக்காரர். வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார். கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். "முப்பது மாடி உசரத்துல தனியா உக்காந்திருப்பேன். மேஸ்திரி கீழேருந்து திட்டினாக் கூடக் கேக்காது, அது ஒண்ணுதான் லாபம். அக்கா பாட்டு இல்லைன்னா அந்த உசரத்துல எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றார். அடுத்து ஒரு டீச்சர். "என் புருஷன் போனப்ப எல்லாரும் அழாதே அழாதேன்னாங்க. அக்கா குரல் மட்டும்தான் நல்லாக் கத்தி அழுடின்னு சொல்லுச்சு" என்றாள்.

ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ஜனங்கள் கை தட்டவில்லை. நாற்காலிக் கையை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினார்கள். டக், டக், டக். ஆயிரம் நாற்காலிகள் ஒன்றாக ஒலித்தன.

"நீங்களும் தட்டுங்கய்யா" என்றாள் நர்ஸ். "கைதட்டல் ஊருக்கெல்லாம் உண்டு. இது அக்காவுக்கு மட்டும்."

அண்ணன் தட்டினார். முதலில் கூச்சமாக இருந்தது. டீச்சர் பேசி முடித்தபோது பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தட்டினார். உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதையா? அப்பா உயிரோடு இருந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டியிருப்பார்.

"எனக்கும் பேசணும்தான். ஆனா அழுதுடுவேன்" என்றாள் நர்ஸ். "அக்கா கதையைக் கேட்டுத்தான் நான் வீட்டை விட்டே வந்தேன். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். அவன் மூஞ்சியிலேயே முழிக்கிறதில்லை."

"எந்தக் கதை?"

"கதவுக் கதை தெரியாதா? ரெக்கார்டுல இருக்காதுய்யா. மேடையில மட்டும்தான் சொல்வாங்க. இருங்க, வருது."

தங்கை வந்தாள். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். உடம்பு கனத்துவிட்டது, கொஞ்சம் காலைச் சாய்த்து நடந்தாள். ஆனால் மைக்கைப் பிடித்ததும் வயசெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. ரெக்கார்டில் கேட்டதெல்லாம் வடிகட்டிய தண்ணீர், இதுதான் வெள்ளம் என்று அண்ணனுக்குப் புரிந்தது. கீழ்க்குரலில் அவள் முனகியபோது அடிவயிறு அதிர்ந்தது. உச்சிக்கு ஏறிக் குரலை உடைத்தபோது முன்வரிசைத் தாடிக்காரர் ஒருவர் குழந்தை மாதிரி அழுதார். மூன்று பாட்டு முடிகிற வரை அண்ணன் தான் யார் என்பதையே மறந்திருந்தார்.

நாலாவது பாட்டுக்குக் கிதார் மட்டும் மெல்ல ஆரம்பித்தது. விளக்கு தணிந்தது. நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு" என்றாள் தங்கை. "ராத்திரி பாடிட்டு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. சாத்தினது யாரு?"

"அண்ணன்!" என்றது அரங்கம்.

"தட்டினேன்." டக், டக், டக். "திறந்தாரா?"

"இல்லை!"

"தெருவே வேடிக்கை பார்த்துச்சு. கட்டின துணியோட நின்னேன். அப்புறம் எங்க போனேன்?"

"எங்ககிட்ட வந்தீங்க!"

கூரை பிளந்தது. சிரிப்பும் அழுகையுமாக ஜனங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணனுடைய விரல் நாற்காலிக் கையின் மேல் மடங்கியபடியே நின்றது. இவ்வளவு நேரம் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

கதவைச் சாத்தியது அப்பா. ரயில்வே குவார்ட்டர்ஸில் வரிசையாகப் பத்து வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் தண்ணீர் கொண்டு வருவார்கள். அத்தனை பேரும் பார்க்க மகள் கதவைத் தட்டினாள். அப்பா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "யாரோ தெரியாத ஆள்" என்று உள்ளே இருந்த அண்ணனிடம் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். பின்கட்டுச் சுவர் ஏறிக் குதித்து, சுற்றிக்கொண்டு போய், தங்கையை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டவர் அண்ணன்தான். இரண்டாம் நாள் அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பெற்றவனே பெண்ணைத் தெருவில் நிறுத்தினான் என்றால் ஊர் வாயில் குடும்பம் பிழைக்காது. முன்கோபக்கார அண்ணன் சாத்தினான் என்றால் நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். அத்தை வீட்டுக்குப் போய், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, "யார் கேட்டாலும் நான்தான்னு சொல்லு" என்று தங்கையிடம் சத்தியம் வாங்கினார். சொந்தபந்தம் நாலு நாள் பேசியது, விட்டுவிட்டது. அவரும் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

இடைவேளை விட்டார்கள். குடையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு அண்ணன் மேடைக்குப் பின்பக்கம் போனார். டயர்க்கடைக்காரர் வழிமறித்தார்.

"யாரும் போகக் கூடாதுங்க."

"நான் அவளோட அண்ணன்."

டயர்க்கடைக்காரர் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டார். "கதவு அண்ணனா? நீங்க உயிரோடவா இருக்கீங்க?"

"இப்ப வரைக்கும் இருக்கேன்" என்றார் அண்ணன்.

உள்ளே தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். மற்றவர்களைக் கண்ணாலேயே வெளியே அனுப்பினாள்.

"எப்பண்ணா வந்தே?"

"கதவைச் சாத்தும்போதே வந்துட்டேன்."

அவள் தலை குனிந்தாள்.

"எத்தனை வருஷமா பாப்பா?"

"ஆரம்பத்துல ஒரு நாள் மேடையில கிதார் கம்பி அறுந்துபோச்சு. மாத்துற வரைக்கும் கூட்டத்தைப் பிடிச்சு வைக்கணும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அழுதாங்கண்ணா. அடுத்த ஊர்ல அந்தக் கதையைச் சொல்லுன்னு அவங்களே கேட்டாங்க."

"வாய்க்கு வந்தது நானா?"

"நீதானே சொல்லச் சொன்னே? என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கலையா?"

"அத்தைகிட்ட சொல்லச் சொன்னேன். சித்தப்பா கேட்டா சொல்லச் சொன்னேன். டிக்கெட் போட்டு சொல்லச் சொல்லலை."

"அப்ப அப்பா பேரைச் சொல்லவா?"

"யார் பேரையும் சொல்லாம இருந்திருக்கலாமே."

அவள் மறுபடி உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டினாள். அண்ணன் நின்றபடியே கேட்டார். "சாத்தினவன் கதையில இருக்கான். சுவரேறிக் குதிச்சு வந்தவன் எங்கே?"

"அவன் வந்தா பாட்டு எடுபடாதுண்ணா" என்றாள் தங்கை. குரல் மிகவும் தணிந்திருந்தது. "ஒருத்தரும் வரலைன்னு சொன்னாத்தான், அவங்க வந்தாங்கன்னு சொல்ல முடியும். அவங்களுக்கு அது வேணும். எனக்கும் வேணும்."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்தவள் உட்கார்ந்து நியாயமும் சொன்னாள். அண்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை. கூட்டம் ஒத்துக்காது, சத்தம் ஒத்துக்காது என்று அவள் காட்டிய அக்கறையெல்லாம் எதற்கு என்று இப்போது புரிந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

"இனிமே சொல்லாதே. அது போதும்" என்றார்.

"சரிண்ணா. இனிமே சொல்லமாட்டேன்." அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கண்ணீர் நிஜம். அண்ணன் அவள் வார்த்தையை நம்பித் தன் இடத்துக்குத் திரும்பினார்.

விளக்கு மறுபடி அணைந்தது. இரண்டு பாட்டுப் பாடினாள். பிறகு மேடையின் விளிம்புக்கு வந்தாள்.

"கதவுக் கதையை இனிமே நான் சொல்லப்போறதில்லை."

அரங்கம் முனகியது. அண்ணன் மூச்சை விட்டார்.

"ஏன்னா, கதவைச் சாத்தின அண்ணன் இன்னைக்கு இங்கே வந்திருக்கார்."

டயர்க்கடைக்காரர் கை காட்ட, ஒரு வெளிச்சம் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து அண்ணன் மேல் நின்றது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே உட்கார முடியாமல் அண்ணன் எழுந்தார். எழுந்ததும் ஜனங்கள் வழி விட்டார்கள். யார் கையையும் பிடிக்காமல் படியேறினார்.

"ஐம்பது வருஷம் தட்டினேன்" என்றாள் தங்கை, கூட்டத்தைப் பார்த்து. "இன்னைக்கு என் பக்கக் கதவை நான் திறக்கிறேன். அண்ணா, உன்னை மன்னிச்சுட்டேன்."

ஆயிரம் நாற்காலிகள் தட்டின. அவள் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். கண்ணால் கெஞ்சினாள். அன்று அத்தை வீட்டில் பழியை ஏற்றுக்கொண்ட மாதிரி இன்றும் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம், கூடவே மன்னிப்பையும்.

உண்மை ஒரே வாக்கியம்தான். அண்ணன் வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதே கணத்தில் அவர் காதில் விழுந்தது. அடுத்த ஊரில் கிதார் மெல்ல ஆரம்பிக்கும். சாத்தினது யாரு என்று இவள் கேட்பாள். ஆயிரம் வாய் அப்பாவைச் சொல்லும். செத்தவருக்கு எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது.

பழி தான் தேடி எடுத்தது; சுமக்கலாம். செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொள்வது பிச்சை.

"நான் மன்னிப்பு கேக்கலையே" என்றார் அண்ணன், மைக்கில்.

அரங்கம் ஒரு நொடி புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது. பின்வரிசையில் யாரோ ஊளையிட்டார்கள். அது முன்னால் பரவியது. "இறங்குய்யா கிழவா" என்றது ஒரு குரல். கிரேன்காரர் எழுந்து நின்று கை நீட்டித் திட்டினார். தங்கை மைக்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அவர் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று அந்த அரங்கத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. அவள் டிரம்ஸ்காரர் பக்கம் கையை உயர்த்தினாள்.

பாட்டு இடி மாதிரி இறங்கியது. ஊளையெல்லாம் அதில் மூழ்கிப்போயிற்று. அண்ணன் படியிறங்கி நடு வழியாக, குனியாமல் நடந்து, குடையை எடுக்கத் தன் வரிசைக்கு வந்தார். நர்ஸ் கால்களை ஒதுக்கிக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் பக்கத்துலேயே உக்காந்திருந்தீங்களே" என்றாள். "ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொன்னா என்ன கெட்டுப்போகுது?"

"உங்க வீட்டுக் கதவைச் சாத்தினது உங்க அண்ணன்தானா? கண்ணால பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேன். என் மூஞ்சியிலதான் சாத்தினான்."

"அப்ப நீங்க கோபப்படுறது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. டிக்கெட் கூண்டில் இருந்தவர் காசுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன சார், பாதியிலேயே கிளம்பிட்டீங்க? பாட்டு சரியில்லையா?"

உள்ளே அவள் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்நாளில் அன்றைக்குப் பாடியதுபோல் பாடியதில்லை என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். சுவரைத் தாண்டிக்கொண்டு அந்தக் குரல் தெருவுக்கு வந்தது. அண்ணன் குடையை விரித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் வெளியாள் முன்னால் யாரையும் விட்டுக்கொடுத்துப் பேசிப் பழக்கமில்லை.

"பாட்டுக்கு என்ன குறை?" என்றார். "அவளை மாதிரிப் பாட ஆள் கிடையாது."

அவள் ரெக்கார்டு அனுப்புகிற போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அணைத்துவிட்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.