பி ஷேடு புல்வெளி

புல் வளர்க்க இரண்டு வருஷம் காலேஜா என்று கேட்காத ஆள் எங்கள் லைன் வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லை. "மாடே படிக்காம மேயுது, ஒம் மவ படிச்சு என்னத்த மேய்க்கப் போறா?" என்று பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கேட்டபோது நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். என் அம்மா முத்துப்பேச்சி சண்டைக்குப் போகவில்லை. "எம் மவ ஸ்டாப்பா வருவா, பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

பனியன் கம்பெனியில் மனிதர்கள் இரண்டே வகை. ஐடி கார்டைக் கறுப்புக் கயிற்றில் மாட்டியிருந்தால் லேபர். நீலக் கயிறு என்றால் ஸ்டாப். நீலக் கயிறு மேஜையில் சாப்பிடும், கறுப்புக் கயிறு தரையில் சாப்பிடும். சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த பதினாலு வருஷமாக அம்மாவுக்குக் கறுப்புக் கயிறுதான். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை. தைத்து வந்த பனியனை ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்ப்பாள். கறையோ ஓட்டையோ தெரிந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டுவாள். அம்பு விழுந்த பீஸ் திருத்தி எடுக்க ஆல்ட்டருக்குப் போகும். அங்கேயும் தேறாவிட்டால் ரிஜெக்ட். ஸ்டிக்கர் தாளை ஐடி கார்டுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பாள். என் கழுத்திலாவது நீலக் கயிறு விழ வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. எனக்கும் ஆசைதான், ஒளிப்பானேன்.

தோட்டக்கலை, லேண்ட்ஸ்கேப்பிங் டிப்ளமோவில் கடைசி மூன்று மாதம் வெளியே எங்காவது பயிற்சி எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் நர்சரிக்கும் ரிசார்ட்டுக்கும் போனார்கள். எனக்கு அம்மாவின் கம்பெனியே வாய்த்தது.

முதலாளி மகுடேஸ்வரன் விவசாயக் குடும்பம். இதை ஒரு நாளைக்கு நாலு தடவை அவரே சொல்வார். "நாங்க மண்ணுல பொறந்து மண்ணுல பொரண்டவங்க கண்ணு" என்பார், ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு. அந்த மண்ணில் இருந்த தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் கட்டிங் செக்ஷனைக் கட்டியிருக்கிறார். இப்போது பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பசுமைத் தொழிற்சாலை ஆடிட் வைத்திருக்கிறானாம். அதில் தேறினால்தான் ஆர்டராம். மரத்தை வெட்டியவருக்குத் திடீரென்று பசுமை வேண்டியிருந்தது.

"வாசல்ல நல்ல புல்வெளியாப் போட்டுரு கண்ணு. ஆடிட்டு அன்னைக்கு அது பச்சப்பசேல்னு இருந்துச்சுன்னா ஒன்னாந்தேதில இருந்து நீ ஸ்டாப்பு" என்றார்.

நான் படித்த பெண்ணில்லையா, கம்பெனி போர்வெல் தண்ணீரில் உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தால் உப்பே போட வேண்டாம்.

"சார், இதுல புல்லு நிக்காது. வேம்பு, புங்கன், பூவரசு வைக்கலாம். உப்பைத் தாங்கும். அஞ்சாறு வருசத்துல நல்ல நெழலு வந்துரும்."

"அஞ்சாறு வருசமா? ஆடிட்டு ரெண்டு மாசத்துல கண்ணு. வேம்பு எங்க காட்டுல நாங்க வெட்டிப் போட்டது. வெள்ளக்காரனுக்குப் புல்லுதாங் கண்ணு புடிக்கும்."

"அப்ப நல்ல தண்ணி லாரி தெனமும் வரணும் சார். போர்த் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது."

"அதுக்கென்ன, வந்துட்டுப் போகுது" என்றார், கடலையே தன் பெயரில் இருக்கிற மாதிரி.

புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நானும் இரண்டு ஒடிசாப் பையன்களும் மண் கொத்தி, மணல் பரப்பி, நாலு நாளில் விரித்து முடித்தோம். நன்றாகவே வந்தது. வாசலுக்கு வந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். கால் வைக்கவில்லை. புல்லில் லேபர் யாரும் நடக்கக் கூடாது என்று அதற்குள் போர்டு வைத்துவிட்டார்கள்.

லாரி இரண்டு வாரம் வந்தது. பிறகு நின்றது. போய்க் கேட்டேன். "ஊட்டுல புதுசா மீன்குளம் கட்டியிருக்கறோம், லாரி அங்க போகுது கண்ணு. புல்லு தான, எந்தத் தண்ணியக் குடிச்சா என்ன?" என்றார் மண்ணில் புரண்டவர். போர் மோட்டாரைத் திருப்பிவிட்டார்கள். பத்தே நாளில் புல் வைக்கோல் ஆனது. மண்ணுக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரே ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்தது, முதலாளி அறையின் ஏசிக்குக் கீழே ஒரு பாய் அகலத்துக்கு. ஏசியிலிருந்து சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். அவ்வளவு பெரிய வாசலில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

ஆடிட்டுக்கு நாலு நாள் இருந்தது. "பிடுங்கிப் போட்டுட்டு ஜல்லி பரப்பி, தொட்டிச் செடி வச்சிரலாம் சார்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. போனை எடுத்து டையிங் மாஸ்டர் சசிகுமாரைக் கூப்பிட்டார்.

இந்த ஊரில் எதற்கும் ஒரே வைத்தியம்தான். வெளுத்ததா, சாயம் போடு.

துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் சின்னத் துண்டுகளில் மூன்று ஷேடு போட்டு, ஏ, பி, சி என்று எழுதிப் பையருக்கு அனுப்புவார்கள். அதற்கு லேப் டிப் என்று பெயர். சசிகுமார் வந்து ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, உயிரோடிருந்த புல்லில் ஒரு கைப்பிடியைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டார். மறுநாள் அட்டை ஒன்றோடு வந்தார். காய்ந்த புல்லை மூன்று பச்சையில் நனைத்துக் காயவைத்து வரிசையாக ஒட்டி, கீழே ஏ, பி, சி போட்டிருந்தார். முதலாளி அதைத் துணியின் நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏ கொஞ்சம் டல்லா இருக்குதுங்க சசி. சி பிளாஸ்டிக் மாதிரி அடிக்குது. பி போட்டுருங்க."

அட்டையில் அப்ரூவ்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இரண்டு வருஷத்தில் எனக்கு மண் சொன்னார்கள், வேர் சொன்னார்கள், உரம் சொன்னார்கள். புல்லுக்கு ஷேடு அப்ரூவல் வாங்க வேண்டும் என்று ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

சசிகுமார் தொழில் தெரிந்தவர், அதைக் குறை சொல்ல முடியாது. "ஆனா ஒண்ணுங்க, இது துணி மாதிரி கலரப் புடிக்காது. ரப்பிங் டெஸ்ட்டுல நிக்காதுங்க. வெள்ளத் துணிய வெச்சுத் தேச்சா அப்படியே ஒட்டிக்கும்" என்றார்.

"புல்ல யாருங்க தேச்சுப் பாக்கறாங்க?" என்றார் முதலாளி.

ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் பி ஷேடை ஊற்றி வாசல் முழுக்க அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருந்தது. பக்கத்தில் போனால் டையிங் வாடை அடித்தது.

மறுநாள் காலையில் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு ஆடிட் படிவம். இயற்கை முறையில் வளர்த்த உயிருள்ள புல்வெளி என்று ஆங்கிலத்தில் அடித்து, கீழே தோட்டப் பொறுப்பாளர் கையெழுத்து என்று ஒரு கோடு. அதன் பக்கத்தில் நீலக் கயிறு மாட்டிய புது ஐடி கார்டு. ஜோதிகா, கார்டன் சூப்பர்வைசர். போட்டோகூட ஒட்டியிருந்தது.

"போட்டுரு கண்ணு. உங்கம்மா எத்தன சந்தோசப்படும்" என்றார்.

போட்டேன். இதுவரைக்கும் ஊர்க்காரர்களை எல்லாம் வாய் கிழியப் பேசினேனே, இப்போது என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பேனா அவருடையது, அதற்கு மூடி கழற்றிக் கொடுத்ததும் அவர்தான். கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செக்கிங் பக்கம் ஒரு நடை போய்வந்தேன். அம்மா கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பக்கத்து டேபிள்காரியிடம், "நான் சொன்னேம்லா" என்றாள்.

ஆடிட்டர் அம்மா பதினோரு மணிக்கு வந்தார். வெளிநாட்டுக் கம்பெனி வேலை, ஆனால் ஆள் நம்ம ஊர்க்காரர்தான். புல்வெளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "திருப்பூர் தண்ணீல இப்படி ஒரு லானா? ஷேடு வேரியேஷனே இல்லாம ஈவனா இருக்கே" என்றார். முதலாளி என்னைக் கைகாட்டி, "எல்லாம் நம்ம பொண்ணு படிச்ச படிப்புங்க மேடம்" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அதோடு போயிருந்தால் போயிருக்கும். ஆடிட்டர் அம்மாவுக்கு ஒரு ஆசை வந்தது. "வொர்க்கர்ஸ் எல்லாம் புல்லுல உக்காந்து லஞ்ச் சாப்பிடற மாதிரி ஒரு போட்டோ வேணுமே" என்றார். முதலாளியின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனால் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? செக்கிங்கிலிருந்து இருபது பெண்களை வரச்சொன்னார். ஏப்ரனைக் கழற்றிவிட்டு டிபன் பாக்ஸோடு வந்தார்கள். போர்டை யாரோ அவசரமாகத் தூக்கி மறைத்தார்கள்.

முன்வரிசையில் அம்மா. ஆடிட் நாளில் நல்லதாக உடுத்தி வரச் சொல்லியிருந்ததால் தீபாவளிக்கு எடுத்த சந்தனக் கலர் சேலை கட்டியிருந்தாள். இனிமேல் அதற்கு இன்னொரு தீபாவளி கிடையாது என்று எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில்தான் நின்றேன். உட்காராதே அம்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகள் வளர்த்த புல்லில் முதல் தடவையாகக் கால் வைக்கிறாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

போட்டோ எடுத்து முடிந்தது. ஆடிட்டர் அம்மா முதலாளியோடு பேசிக்கொண்டே கார் பக்கம் திரும்பினார். பெண்கள் எழுந்தார்கள். ஒவ்வொருத்தி பின்பக்கமும் பச்சை. "ஐயோ, என்னடி இது" என்று ஒருத்தி சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செக்கிங் சூப்பர்வைசர் அவர்களைப் பின்வாசல் வழியாக விரட்டினார்.

அம்மா போகவில்லை. சேலையின் கறையை இழுத்துப் பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தாள். பதினாலு வருஷம் கறை பார்த்த விரல், அதை ஏமாற்ற முடியுமா?

"ஏட்டி, இது புல்லுச் சாறு இல்ல. டையிங் கலரு."

"ஆமாம்மா."

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

நான் கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றினேன்.

"தெரிஞ்சுதான் என்னிய உக்கார விட்டியா?"

அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், பழக்கம்தான். அவள் தன் ஐடி கார்டைத் திருப்பினாள். பின்னாலிருந்த தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்தாள். என் நீலக் கயிற்றில் தொங்கிய கார்டில், போட்டோவுக்குப் பக்கத்தில், முகத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்டினாள். அழுத்தித் தேய்த்தும் விட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பச்சைக் கறையோடு, பின்வாசலுக்குப் போகாமல் எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாகவே செக்கிங்குக்கு நடந்தாள்.

இத்தனை நாள் யாரை எல்லாம் கேவலமாகப் பேசினேன். அவர்களில் ஒருத்தர்கூடப் பெற்ற தாயைச் சாயத்தில் உட்காரவைக்கவில்லை.

கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்பு விழுந்த பீஸுக்கு ரிஜெக்டுக்கு முன்னால் ஆல்ட்டர் என்று ஒன்று உண்டு. புல்லின் நடுவே ஓடினேன். செருப்பெல்லாம் பச்சை. முதலாளி கையை நீட்டி, "கண்ணு, கண்ணு" என்றார். அவரைத் தாண்டிப் போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஆடிட்டர் அம்மா என் கார்டிலிருந்த அம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், அந்தப் பேப்பர்ல இருக்கறது என் கையெழுத்து. அதத் திருத்தணும்" என்றேன். "உங்ககிட்ட வெள்ளக் கர்ச்சீப் இருக்குல்ல? ரப்பிங் டெஸ்ட் பாக்காமக் கெளம்புறீங்களே."